ஜெசியின் கொப்பியும் என் குளிசைகளும்

எனக்கு எழுபத்தேழு வயது முடிந்துவிட்டது. ஏழு பேரை வளர்த்தேன். ஐந்து என் வயிற்றில் பிறந்தவை. இரண்டு, தங்கச்சி கண்ணை மூடியபோது என் கைக்கு வந்தவை. ஏழும் இன்று தங்கள் தங்கள் அடுப்பில் உலை வைக்கின்றன. யாருக்கு முன்னாலும் தலை குனியாதவள் என்று பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் இரண்டு மூன்று கிழமை எழுதியிருக்கிறேன். கொஞ்சம் கூடத்தான் எழுதிவிட்டேன்.

ஒரு தரம் குனிந்தேன். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால், அழுகின மீனைக் கூடையின் அடியில் போட்டு நல்ல மீனை மேலே பரப்புகிற வேலையாகிவிடும். அந்த வேலையை நான் கடற்கரையில்கூடச் செய்ததில்லை.

நாலு விரல்

தபசு காலம், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்கள். ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்த சனம் வீட்டுக்கு முன் ஒழுங்கையால் போய்க்கொண்டிருந்தது. நான் எங்கள் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்தேன். சட்டை வேர்வையில் தோய்ந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வாய்க்குள் சீனித்தண்ணீர். என் மூன்றாவது மகள் ஜெசி நிலத்தில் முழங்கால் ஊன்றி என் தாடையைப் பிடித்திருந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். அவளுக்குப் பக்கத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அவளுடைய விரிவுரையாளர் நின்றா. வயதில் ஜெசியைவிட இளையவ. ஆனாலும் ஜெசி அவவை மிஸ் என்றுதான் கூப்பிடுவாள்.

"அம்மா, சீனிக் குளிசை எத்தனை போட்டனீங்கள்? சொல்லுங்கோ!" என்று ஜெசி உலுப்பினாள்.

நாக்குப் புரளவில்லை. நாலு மாத்திரை என்று நாலு விரலைக் காட்டினேன்.

இன்னும் இரண்டு கிளாஸ் சீனித்தண்ணீர் போனபிறகு கண் தெளிந்தது. மிஸ் என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டா.

"ஒண்டு போடவேண்டிய இடத்தில நாலு போட்டிருக்கிறியள் அம்மா. ஆர் உங்களுக்கு அப்பிடிப் போடச் சொன்னது?"

ஒழுங்கையில் சனம் நின்று பார்த்தது. வேலிக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது. எல்லாக் கண்ணும் என்மேல். நான் சொன்னேன்:

"மகள்தான் போடச் சொன்னவ."

நரைத்த தலைக்கு என்ன படிப்பு

அந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

ஜெசி நேர்ஸ் படிப்புக்குப் போகிறேன் என்று முதன்முதல் சொன்னபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. "எங்கட குடும்பத்தில ஆரும் மற்றவையின்ர மூத்திரச் சட்டி தூக்கினதில்லை" என்று நான் சொன்னேன். அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் குணம் அவளுக்குச் சின்னதிலேயே இருந்தது. சண்டையால் எங்கள் ஊர் முள்ளிக்குளத்தை விட்டு எழும்பி, பள்ளிக்கூடக் கட்டடங்களிலும் மரங்களுக்குக் கீழும் நாங்கள் கிடந்த காலத்தில் அவளுக்குப் பதினொரு வயது இருக்கும். அவள் தம்பியின் காலில் கட்டி உடைந்து சீழ் ஓடியது. நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம். அவள் உப்புத்தண்ணீரில் கழுவி, என் பழைய சேலையைக் கிழித்துக் கட்டினாள். அந்த நாளில் குளிசை என்பது பொன் மாதிரி. ஒன்றை நாலாக உடைத்து நாலு பிள்ளைக்குக் கொடுப்பேன். பாதி மிஞ்சினால் துணியில் முடிந்து இடுப்பில் செருகிவிடுவேன். குளிசையை விழுங்குவதைவிடச் சேர்த்து வைப்பதுதான் புத்தி என்று அப்போது பழகின பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை.

வெள்ளைச் சீருடையோடு அவள் முதல்தரம் வீட்டுக்கு வந்தபோது மூத்திரச் சட்டியை மறந்துவிட்டேன். கோயில் வாசலில் நின்று, "என்ர மகள் நேர்ஸ்" என்று கேளாதவர்களுக்கும் சொன்னேன்.

இருபது வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரி வாட்டில் நின்றாள். கலியாணம் கட்டினாள், ஒரு பெண்பிள்ளையைப் பெற்றாள். காலில் நரம்பு புடைத்துப் புழு மாதிரி சுருண்டுவிட்டது. ஒருநாள் வேலையால் வந்தவள் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள்:

"இண்டைக்கு ஒரு பயிற்சிப் பிள்ளை கேட்டுது அம்மா, ஏன் மிஸ் இந்தாளை இந்தப் பக்கம் திருப்பிக் கிடத்திறியள் எண்டு. இருபது வருசமாத் திருப்பிறன். ஏனெண்டு எனக்குத் தெரியேல்லை. எங்களுக்கு அப்பிடித்தான் சொல்லித் தந்தவை எண்டு சொன்னன். வெக்கமாப் போச்சு."

அதற்குப் பிறகுதான் பட்டப்படிப்புக்குப் பதிந்தாள். வேலையை விடாமல் படிக்கிற படிப்பு. சனிக்கிழமைகளில் யாழ்ப்பாணத்தில் வகுப்பு. விடிய முதல் பஸ்.

நான் என்ன செய்தேன்? வேலியடியில் நின்று, அங்கால் வீட்டு ஹலீமா கேட்கச் சொன்னேன்: "நரைச்ச தலைக்கு என்ன படிப்பு? சேமக்காலைக்குப் போகேக்க பட்டத்தையும் சவப்பெட்டிக்குள்ள வைக்கவோ?"

ஹலீமா விடுகிறவளில்லை. "படிக்கட்டும் றெஜினாக்கா. உங்கட வாயை மூடப் படிச்ச ஆக்கள் தேவைதானே" என்றாள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கோயிலில் பூசைப் புத்தகத்தை விரித்துப் பிடித்திருப்பேன். பாதிக்கு மேல் மனப்பாடம். படிப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குள் ஒரு முள் குத்தும். அதை மறைக்கத்தான் வாய்.

ஹலீமாவை வெட்டினேன்

மூன்றாம் வருடத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். நீண்டநாள் வருத்தக்காரர், அதாவது நோயாளி, ஒருவரை வீட்டில் வைத்துப் பன்னிரண்டு கிழமை பார்க்கவேண்டும். கிழமைக்கு ஒரு தரம் விரலில் குத்திச் சீனி பார்க்கவேண்டும். என்ன சாப்பிடுகிறார், குளிசை போடுகிறாரா, எங்கே கஷ்டப்படுகிறார் என்று எல்லாம் கொப்பியில் எழுதவேண்டும். அது சரிவராவிட்டால் பட்டம் இல்லை.

ஜெசி ஹலீமாவை யோசித்து வைத்திருந்தாள். ஹலீமாவுக்கும் சீனி வருத்தம், எனக்கும் சீனி வருத்தம். எனக்கு நெஞ்சு எரிந்தது.

"பெத்த தாய் வீட்டுக்குள்ள இருக்க, வேலி பாய்ஞ்சு அங்கால போறியோ?"

"அம்மா, நீங்கள் சொல்லுக் கேக்கமாட்டியள்."

"ஆர், நானோ?"

மூன்று நாள் அவளோடு கதைக்கவில்லை. அவள் ஊற்றிய தேத்தண்ணீரைக் குடிக்கவில்லை. நாலாம் நாள் மிஸ்ஸிடம் தொலைபேசியில் கேட்டாள். மிஸ் சொன்னது எனக்கும் கேட்டது. "சொந்தத் தாய் எண்டால் கரைச்சல்தான் ஜெசிந்தா. உண்மை வெளியில வராது. எடுக்கிறதெண்டா எடுங்கோ, நான் ஒருக்கா நேர வந்து பாப்பன்."

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை

ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு முன்னம் ஜெசி சீனி பார்க்கிற மெசினோடு வருவாள். விரலைத் துடைத்துக் குத்துவாள். எறும்பு கடித்த மாதிரி இருக்கும். ஒரு சொட்டு இரத்தம், பிறகு ஒரு நம்பர்.

முதல் ஞாயிறு நம்பர் கூட. இரண்டாம் ஞாயிறு அதைவிடக் கூட. மூன்றாம் ஞாயிறு அவள் நம்பரைப் பார்த்துவிட்டு மெசினைத் தட்டிப் பார்த்தாள்.

"குளிசை போடுறியளோ அம்மா?"

"ஓம்."

"பனங்கட்டி?"

"சீச்சீ."

இரண்டும் பொய். அந்தக் குளிசை போட்டால் வயிறு பிரட்டும். அதனால் போடுவதில்லை. கிளினிக்கில் தந்ததை ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் சேர்த்து வைத்தேன். பனங்கட்டி இல்லாமல் தேத்தண்ணீர் தொண்டைக்குக் கீழே இறங்காது. அதுவும் ஒரு துண்டு, அரிசிப் பானைக்குள் ஒளித்திருந்தது.

ஜெசி கொப்பியில் ஒரு கோடு கீறுவாள். நம்பர் ஏற ஏறக் கோடும் ஏறும். அந்தக் கோட்டைப் பார்த்து அவள் முகம் தொங்கிப்போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. என்னால் அவள் பெயிலாகப் போகிறாள். ஹலீமாவை எடுத்திருந்தால் கோடு இறங்கியிருக்கும். இதுதான் இராப்பகலாக என் தலைக்குள் ஓடியது.

அப்போதாவது பனங்கட்டியை எறிந்திருக்கலாம். உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்கு வேறு புத்தி வந்தது.

ஒருசந்தி

சனிக்கிழமை ஜெசி யாழ்ப்பாணம் போய்விடுவாள். மருமகன் கடலுக்குப் போய்விடுவார். தபசு காலத்தில் ஒரு கிழவி ஒருநேரம் மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். "மாதாவுக்கு நேர்ந்தனான்" என்றேன். மத்தியானம் ஒருபிடி சோறு, அதோடு சரி. ஞாயிறு விடிய எழும்பித் தகரத்தைத் திறந்து, அந்தக் கிழமை போடாமல் விட்ட குளிசையில் இரண்டைச் சேர்த்து விழுங்கிவிடுவேன்.

நம்பர் இறங்கியது. மிச்ச ஆறு நாளும் பனங்கட்டியோடு தேத்தண்ணீர். ஞாயிறு மட்டும் நல்ல பிள்ளை.

ஜெசி என்னைக் கட்டிப்பிடித்தாள். "பாருங்கோ அம்மா, நீங்கள் நினைச்சால் ஏலும்!" அவள் அப்படிக் கட்டிப்பிடித்து எத்தனையோ வருடம். சோப்பும் ஆஸ்பத்திரி மருந்தும் கலந்த அவள் மணம் என் கழுத்தில் இருந்தது. அந்த ஒரு கட்டிப்பிடிப்புக்காகவே அடுத்த ஞாயிறும் செய்தேன். அதற்கடுத்ததும் செய்தேன். மாதாவின் பெயரால் கள்ள விரதம். இதை எழுதும்போது கை கூசுகிறது.

மிஸ் நேரில் வருகிற ஞாயிறு வந்தது. ஒன்பது மணிக்கு வருவா, அவவுக்கு முன்னால்தான் குத்துவது என்று ஜெசி சொல்லியிருந்தாள். பெரிய ஆள் வருகிற நாள், நம்பர் நல்லாக இறங்கவேண்டுமே என்று நான் வெறும் வயிற்றில் நாலு போட்டேன், குத்தும்வரை சாப்பிடவும் இல்லை. மிஸ் வந்த பஸ் பூநகரிப் பக்கம் பழுதாகி நின்றுவிட்டது. மிஸ் வந்தது பதினொரு மணிக்கு. வாங்கோ என்று எழும்பினேன். விறாந்தைத் தூண் இரண்டாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு தெரிந்தது சீனித்தண்ணீர்தான்.

வாட்டில் இரண்டு நாள்

"மகள்தான் போடச் சொன்னவ" என்று நான் சொன்னதும் மிஸ் ஜெசியைப் பார்த்தா.

"ஜெசிந்தா, இது உண்மையா?"

ஜெசி என் முகத்தைப் பார்த்தாள். ஒரு சொல் போதும். "அம்மா பொய் சொல்லுறா" என்றால் முடிந்தது. அவள் சொல்லவில்லை. வந்தவவுக்கு முன்னால், ஒழுங்கைச் சனத்துக்கு முன்னால், பெற்ற தாயைப் பொய்க்காரி என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"நான் சொன்னது கொப்பியில இருக்குது மிஸ்" என்றாள், அவ்வளவுதான். "முதல்ல அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம். சீனி திரும்பவும் இறங்கும்."

மிஸ் ஓட்டோவில் ஏற உதவி செய்தா. பிறகு ஜெசியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னா: "வைத்தியரைக் கேளாமல் ஒரு நேர்ஸ் குளிசையைக் கூட்டிக் குடுத்தா எண்டால் அது படிப்போட நிக்காது. வேலையையும் கேக்கும். வாற சனிக்கிழமைக்குள்ள எனக்கு விளக்கம் வேணும்."

இரண்டு நாள் மறித்து வைத்தார்கள். ஜெசி வேலை செய்கிற அதே ஆஸ்பத்திரி. கையில் சேலைன். படிப்புச் சோதனைக்காகத் தாய்க்கே குளிசையைக் கூட்டிக் கொடுத்தாளாம் என்று கதை எனக்கு முன்னமே வாட்டுக்கு வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரி என்னைப் பார்த்து, "பாவம் மனுசி" என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டு நித்திரை மாதிரிக் கிடந்தேன். ஜெசி வேலை உடுப்போடு வந்து என் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். எழுதிவிட்டுப் போனாள். யாரோ தெரியாத கிழவியின் கையைப் பிடிப்பது மாதிரித்தான் பிடித்தாள், பக்குவமாக.

வீட்டுக்கு வந்த அடுத்தநாள் குசினிக்குள் மருமகனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "படிப்பை விட்டு விலகிறன் எண்டு எழுதிக் குடுக்கப் போறன். அம்மாவை இழுத்துவைச்சு விசாரிக்க விடமாட்டன்."

"மூண்டு வருசம் ஜெசி. விசரோ உமக்கு?"

"வேற என்ன செய்ய?"

நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடியப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சின்னப் பாவங்களை முதலில் அடுக்கினேன். கடைசியாக இதைச் சொன்னேன். பங்குச் சுவாமி குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "இதை எனக்குச் சொல்லி அரைவாசிதான் அம்மா. பிள்ளையின்ர பேரை எங்கை கெடுத்தனீங்களோ அங்கை போய்ச் சொல்லுங்கோ" என்றார். பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லியிருந்தால் எவ்வளவு லேசாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை பஸ்

ஜெசி பஸ் தரிப்புக்கு வந்தபோது நான் அங்கே நின்றேன். கோயிலுக்குக் கட்டுகிற சேலை, கையில் பை.

"எங்கை போறியள்?"

"உன்ர பள்ளிக்கூடத்துக்கு."

அவள் யன்னல் கரையை எனக்கு விட்டாள். இரவு வேலை முடித்து வந்திருந்தாள். பாலம் தாண்டமுன்னமே தலை என் தோளில் விழுந்துவிட்டது. காற்று உப்பாக அடித்தது. தலையில் நரை என்று நான் ஏளனம் செய்த அந்த மயிர் என் கன்னத்தில் பட்டுக்கொண்டு வந்தது. வழி முழுக்க நான் தோளை அசைக்கவில்லை.

பல்கலைக்கழகம் என்றால் பெரிய மாளிகை என்று நினைத்திருந்தேன். ஒரு மண்டபம், மின்விசிறி, கையோடு பலகை பொருத்திய கதிரைகள். முப்பது பேர் மட்டில் இருந்தார்கள். எல்லோரும் நேர்ஸ்மார். கண்ணாடி போட்டவர்கள், நரைத்தவர்கள். வீங்கின காலைப் புத்தகப் பைமேல் தூக்கி வைத்திருந்த ஒருத்தி. கதிரைப் பலகையில் தலை வைத்து நித்திரையான ஒருத்தி. அவளை மற்றவள் தட்டி, "எழும்படி, மிஸ் வாறா" என்றாள். வாட்டில் ஒரு பார்வையில் எங்களை அடக்குகிற பொம்பிளைகள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி எழுந்து நின்றார்கள்.

மிஸ் என்னைக் கண்டதும் வெளியில் வந்தா. கதிரை தந்தா. நான் இருக்கவில்லை.

"நான் பொய் சொன்னனான் பிள்ளை. மகள் ஒண்டும் சொல்லேல்லை. குளிசை நான்தான் சேத்து வைச்சுப் போட்டனான். நம்பர் இறங்கவேணும் எண்டு."

அவ கையிலிருந்த ஃபைலைக் காட்டினா. "இதை எழுதித் தரவேணும் அம்மா. கோவையில இருக்கவேணும். ஜெசிந்தா எழுதட்டும், நீங்கள் கையெழுத்து வையுங்கோ."

"இல்லை. நான் எழுதுறன்."

கடைசி வரிசையில் இருத்தினார்கள். மற்றவர்கள் ஏதோ சோதனை எழுதினார்கள். பேனைகள் சரசரவென்று ஓடின. நான் மூன்று வரி எழுதினேன். குளிசை நான் போட்டது. மகள் சொல்லவில்லை. மகள்மேல் பொய் சொன்னேன். எழுத்துக்கள் ஒன்று கோயிலுக்கும் ஒன்று குளத்துக்குமாக நின்றன. அவர்கள் தாள் நிறைய எழுதி முடித்த நேரமும் நான் மூன்று வரி எழுதி முடித்த நேரமும் ஒன்று. தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது முன் வரிசை முழுக்கப் பார்த்தது. பூசைப் புத்தகத்தை விரித்துப் பிடிக்கிற றெஜினாவுக்கு எவ்வளவு எழுத வரும் என்று அன்று என் மகளும் பார்த்தாள்.

மிஸ் அதைக் கோவைக்குள் வைத்தா. ஜெசியின் வேலைக்கும் பெயருக்கும் ஒன்றும் வராது என்றா. ஆனால் கொப்பியில் இருக்கிற நம்பர் பொய் நம்பர். அது செல்லாது. வேறு ஆளை எடுத்து முதலிலிருந்து தொடங்கவேண்டும். அந்த வருடம் கூடப் படித்தவர்களோடு ஜெசி முடிக்கமாட்டாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் அவள் வாய் திறந்தாள்.

"நம்பர் இறங்கவேணும் எண்டு உங்களிட்ட ஆர் அம்மா கேட்டது?"

"இறங்காட்டி நீ பெயிலாகிடுவாய் எண்டு..."

"இறங்கேல்லை எண்டால், ஏன் இறங்கேல்லை எண்டு எழுதுறதுதான் என்ர வேலை. வயித்தைப் பிரட்டுது, பனங்கட்டி விடேலாமல் கிடக்குது எண்டு சொல்லியிருந்தால் அதை எழுதியே நான் பாஸ் பண்ணியிருப்பன்."

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெள்ளைக் கடற்பறவைகள் சேற்றில் நின்றன. எதைச் சொல்ல வெட்கப்பட்டேனோ, அதைத்தான் அவளுடைய படிப்பே கேட்டிருக்கிறது.

வேலிக்கு அங்கால்

ஜெசி ஹலீமாவை எடுத்தாள். பன்னிரண்டு ஞாயிறு, மெசினோடு எங்கள் வாசலைத் தாண்டிப் போனாள். ஹலீமா எதையும் ஒளிப்பதில்லை.

"பிள்ளை, நேத்துக் கலியாண வீட்டில ரெண்டு துண்டு வட்டிலப்பம் திண்டுட்டன். எழுது!"

ஜெசி சிரிக்கிற சத்தம் வேலி தாண்டி வரும். நான் இந்தப் பக்கம் குந்தி மீன் வெட்டிக்கொண்டிருப்பேன்.

ஒரு வருடம் பிந்தித்தான் பட்டம் எடுத்தாள். என்னைக் குறை சொல்லி அவள் ஒரு நாளும் பேசவில்லை. சோறு போடுகிறாள், கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறாள், கால் நகம் வெட்டிவிடுகிறாள். குளிசையை மட்டும் தன் கையால் என் வாயில் போட்டு, நான் விழுங்கும்வரை நின்று பார்க்கிறாள். அந்த நேரம் அவள் என் தொண்டையைப் பார்ப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள்.

சுவாமியிடம் சொன்னேன். மிஸ்ஸுக்கு எழுதிக் கொடுத்தேன். ஜெசியிடம் மட்டும், "பிள்ளை, உன்மேல பொய் சொல்லிப்போட்டன், என்னை மன்னிச்சுக்கொள்" என்று நேரே சொன்னதில்லை. இரண்டு தரம் வாய் எடுத்தேன். ஒரு தரம் அவளுக்குப் பஸ் வந்துவிட்டது. மற்றத்தரம், "கறிக்கு உப்புக் காணாது" என்று சொல்லிவிட்டு எழும்பிவிட்டேன்.

அந்த மூன்று வரிக்குப் பிறகு எழுதி எழுதிப் பழகி, இந்தப் பக்கத்துக்கு நான் கிறுக்கித் தருவதை எழுத்துத் திருத்தி அனுப்புகிறவள் ஜெசியின் மகள் டிலானிதான். இப்போது பக்கத்தில் இருக்கிறாள். ஜெசி உள்ளே நாளைக்குப் போடுகிற சீருடைக்கு அயர்ன் பிடிக்கிறாள்.

"முடிஞ்சுதோ அம்மம்மா? கொண்டாங்கோ, திருத்துவம்."

"திருத்தமுன்னம் ஒருக்கா வாசி பிள்ளை. முதல்ல இருந்து வாசி. உள்ளுக்கு அம்மாவுக்குக் கேக்கிற மாதிரி, பெலத்து வாசி."